மூன்றாவது ஆளாக ஓடியவர் - ஆரோக்கிய ராஜீவ்

தாம்பரத்தில் இரவு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ் பிடித்தால், திருச்சி வருவதற்குச் சற்று முன்னால் லால்குடி வரும். பெரும்பாலும் அப்போது நாம் தூங்கிக்கொண்டிருப்போம். அந்த லால்குடிப் பக்கம் வழுதியூரில் 1991-ல் பிறந்தவர் ஆரோக்கிய ராஜீவ். அப்பா லாரி ஓட்டுநர். முதலில் நீளம் தாண்டிக்கொண்டிருந்த ராஜீவ், ராணுவத்தில் சேர்ந்த பிறகு 400 மீட்டருக்கு மாறினார்.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 45.92 விநாடியில் ஓடி வெண்கலம் வாங்கினார். ஆசிய விளையாட்டில் தனி ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்த பதக்கம் அது ஒன்றுதான். 2018-ல் அதைவிட வேகமாக, 45.84-ல் ஓடினார். கிடைத்ததோ நான்காவது இடம்! மற்ற கணக்கெல்லாம் 4x400 தொடர் ஓட்டத்தில்தான்.

தொடர் ஓட்டம் காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரிந்த கூட்டு வணிகம் மாதிரி. ஒரு பங்குதாரர் செய்யும் தவறுக்கு எல்லோரும் கடனாளி. அதிலும் மூன்றாவது ஆள் பாடு கஷ்டம். முதல் ஆள் தன் பாதையிலேயே ஓடி முடிக்கலாம். இரண்டாவது ஆள் முதல் வளைவு தாண்டியதும் எல்லோரும் உள்பாதைக்கு வந்துவிடுவார்கள். ஆகவே மூன்றாவது ஆள் பேட்டனை வாங்குவதே கூட்டத்துக்கு நடுவில், முழங்கை இடிகளுக்கு இடையில். 200 மீட்டரைத் தாண்டும்போது நம் ஆள் எத்தனையாவதாக வருகிறாரோ அந்த வரிசையில் நின்று வாங்க வேண்டும். அவர் ஓடியது எத்தனை விநாடி என்று டிவியில் பார்ப்பவர் கவனிப்பதும் இல்லை.

2016 ஜூலையில் குஞ்ஞு முகமது, தருண் அய்யாசாமி, அனஸ், ராஜீவ் நால்வரும் பெங்களூரில் 3:00.91 ஓடித் தேசிய சாதனை படைத்து ரியோவுக்குப் போனார்கள். அங்கே முதல் சுற்றிலேயே விதிமீறல் என்று தகுதி நீக்கம். அவ்வளவுதான் ரியோ.

ஜகார்த்தா (2018) கதை வேறு மாதிரி. கலப்புத் தொடர் ஓட்டத்தில் அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ் ஓடி முடிக்க, கடைசியாக ராஜீவ் ஓடினார். 3:15.71, வெள்ளி. பிறகு பஹ்ரைன் அணியின் அடெகோயா ஊக்கமருந்தில் சிக்கித் தடை பெற்றதால் 2020-ல் அது தங்கமானது. கொரோனா ஊரடங்கு காலத்தில் வந்த செய்தி. மேடை கிடையாது, தேசிய கீதம் கிடையாது. இதைத் தாமதமான நீதி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்த மேடையை யார் திருப்பித் தருவது?

டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தது. அனஸ், நோவா நிர்மல் டாம், ராஜீவ், அமோஜ் ஜேக்கப். ராஜீவ் மூன்றாவது ஆள். நேரம் 3:00.25, புதிய ஆசிய சாதனை! கத்தாரின் 3:00.56 போயிற்று. ஆனால் இறுதிக்கு எட்டு அணிகள்தான், இந்தியா மொத்தத்தில் ஒன்பதாவது...

2023-ல் புடாபெஸ்டில் அந்தச் சாதனையும் உடைந்தது. 2:59.05. ஓடிய நால்வரில் ராஜீவ் இல்லை. கடைசியாக ஓடியவர் ராஜேஷ் ரமேஷ், அவரும் தமிழ்நாட்டுக்காரர், ரயில்வே டிக்கெட் பரிசோதகர். ராஜீவ் காலம் முடிந்தது என்றுதான் தோன்றியது.

2024 மே, பஹாமாஸில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டி. முதல் நாள் ராஜேஷுக்குத் தசைப்பிடிப்பு, பாதியில் நின்றுவிட்டார். அணி ஓட்டத்தையே முடிக்கவில்லை. மறுநாள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அவருக்குப் பதிலாக இறங்கியவர், 33 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ராஜீவ். அதே மூன்றாவது இடம். அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவதாக 3:03.23-ல் முடித்து இந்தியா பாரிஸுக்குத் தகுதி பெற்றது.

பாரிஸ் அணியில் அவர் பெயர் இல்லை. ஆகஸ்ட் மாதம் களத்தில் இறங்கிய நால்வர் அனஸ், அஜ்மல், அமோஜ், ராஜேஷ்.