பழம், சின்ன மீன், கருவாடு

2011 ஜூன் மாதம், வரிசையாக நான்கு முறை உலக சாம்பியன் ஆன ஒரு செஸ் வீரனின் பட்டங்கள் பறிக்கப்பட்டன. கோப்பைகளையும் பரிசுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வீரனுக்குக் காயை நகர்த்தக் கை கிடையாது. அது ஒரு கணினி நிரல், பெயர் ரிப்கா. செக் மொழியில் 'சின்ன மீன்' என்று அர்த்தம். நிரலை எழுதிய வாசிக் ரைலிக்குக்கு ஆயுள் தடை விதித்தது சர்வதேச கணினி விளையாட்டுச் சங்கமான ஐ.சி.ஜி.ஏ.

மெஷினும் மெஷினும் மோதுவதில் என்ன சுவாரசியம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஏனென்றால் அங்கே மோதிக்கொள்வது மெஷின்கள் இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து நிரல் எழுதும் மனிதர்கள். அவர்களுடைய ரோஷம், பொறாமை, தாராளம் எல்லாம் அதில் உண்டு.

செஸ் எஞ்சின் செய்வது இரண்டு வேலைகள். ஒன்று தேடுவது: நான் இப்படிப் போனால் நீ எப்படிப் போவாய், அதற்கு நான் என்ன செய்வேன் என்று கிளை கிளையாகப் போய்ப் பார்ப்பது. இன்னொன்று மதிப்பிடுவது: ஒரு நிலைக்கு வந்து நின்றதும் யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஒரு எண் கொடுப்பது. குதிரை நடுக்கட்டத்தில் நின்றால் இவ்வளவு, யானைக்கு வழி திறந்திருந்தால் இவ்வளவு, ராஜா முன்னால் சிப்பாய் இல்லையென்றால் இவ்வளவு கழித்தல். ஒருவர் எழுதிய எஞ்சினின் ருசி பெரும்பாலும் இந்த எண்களில் இருக்கும். அதனால்தான் பல வருடங்களுக்குப் பெரிய எஞ்சின்காரர்கள் மூலநிரலைப் பூட்டியே வைத்திருந்தார்கள். வீட்டு மசாலாப் பொடியின் அளவு மாதிரி.

அந்தப் பூட்டைத் திறந்தவர் ஃபேபியன் லெடூசே என்ற பிரெஞ்சுக்காரர். எஞ்சினுக்கு அவர் வைத்த பெயர் ஃப்ரூட், பழம். 2005இல் வெளியான ஃப்ரூட் 2.1ஐ மூலநிரலோடு ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். யாரும் படிக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் அதை வைத்து ஒன்றைச் செய்து வெளியே கொடுத்தால், அதன் மூலநிரலையும் அதே மாதிரி திறந்து கொடுக்க வேண்டும். எழுதியவர் பெயரை அழிக்கக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. அடுத்த பதிப்பில் அவரே கதவைச் சாத்திவிட்டார் என்பது வேறு விஷயம். அதே வருடம் ரெய்க்யாவிக்கில் நடந்த உலகப் போட்டியில் ஃப்ரூட் இரண்டாவதாக வந்தது. தனி ஆள் ஒருவர் எழுதிய, தெளிவாகப் படிக்கக்கூடிய நிரல் இவ்வளவு தூரம் வரும் என்று பலர் நினைத்திருக்கவில்லை.

2005 டிசம்பரில் ரிப்கா வந்தது. வந்ததுமே தரவரிசைப் பட்டியல்களில் முதலிடம். ரைலிக் சாதாரண ஆள் இல்லை, செஸ்ஸில் சர்வதேச மாஸ்டர். ஃப்ரூட்டின் நிரலை முன்னும் பின்னுமாகப் படித்ததாகவும் அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டதாகவும் அந்த மாதமே பேட்டியில் சொன்னார். 2007இலிருந்து 2010 வரை உலகப் பட்டம் ரிப்காவிடமே இருந்தது.

எடுத்துக்கொண்டது யோசனையா, நிரலா? இதுதான் வழக்கே. 2011இல் லெடூசே உட்படப் பல நிரலாளர்கள் புகார் எழுப்ப, 34 பேர் கொண்ட குழு அமைந்தது. ரிப்காவின் மூலநிரல் யாரிடமும் இல்லை. ஓடும் நிரலைப் பிரித்து, இயந்திர மொழியிலிருந்து தலைகீழாகப் படித்தார்கள். காய்களின் இடமதிப்பு அட்டவணைகளை ஃப்ரூட்டின் சூத்திரத்திலேயே திரும்ப உருவாக்க முடிகிறது என்றார்கள். இன்னொரு தடயம் இன்னும் வேடிக்கையானது. முழு எண்ணோடு ஒப்பிடும் ஒரு இடத்தில் 0 இருக்க வேண்டியதற்குப் பதில் 0.0 இருந்தது. ஃப்ரூட்டில் அந்த இடத்தில் தசம எண், எனவே 0.0 இயல்பு. ரிப்காவில் அதற்கு என்ன வேலை?

ரைலிக் மறுத்தார். மற்றவர் எழுதிய ஆட்ட நிரல் எதுவும் ரிப்காவில் இல்லை என்றார். சோரன் ரீஸ் என்ற பேராசிரியர் 2012இல் அவருக்காக நீண்ட மறுப்பு எழுதினார். ஆயுள் தடைக்கு ஐ.சி.ஜி.ஏ.வின் விதிகளில் இடமில்லை என்று 2015இல் ஃபிடேயின் நெறிமுறைக் குழுவும் சொன்னது.

என் பார்வையில் தண்டனை அதிகம், ஆனால் குற்றச்சாட்டு வெறும் பொறாமை இல்லை. உலகப் போட்டியின் விதி தெளிவானது: நிரல் சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும், அடுத்தவர் நிரலிலிருந்து வந்திருந்தால் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். தாமஸ் காக்ஷ் என்பவரின் டோகா எஞ்சின் இதே ஃப்ரூட்டிலிருந்து பிறந்தது. அதை அவர் மறைக்கவில்லை. யாரும் அவர் சட்டையைப் பிடிக்கவும் இல்லை.

இதற்கிடையில் இன்னொரு மீன் காய்ந்துகொண்டிருந்தது. நார்வேயின் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய க்ளாருங் என்ற திறந்த எஞ்சினை எடுத்து, இத்தாலியின் மார்கோ கோஸ்டால்பா 2008இல் புதுப் பெயரில் வெளியிட்டார்: ஸ்டாக்ஃபிஷ். நம்ம ஊர் பாஷையில் கருவாடு. நார்வேயில் உருவாகி இத்தாலியில் சமைக்கப்பட்டது என்பதால் அந்தப் பெயர். ரோம்ஸ்டாட் சண்டை போடவில்லை, கூடச் சேர்ந்துகொண்டார். 2013இல் கேரி லின்ஸ்காட் 'ஃபிஷ்டெஸ்ட்' என்ற ஏற்பாட்டைச் செய்தார. யார் வேண்டுமானாலும் ஒரு மாற்றத்தை அனுப்பலாம். உலகமெங்கும் தன்னார்வலர்களின் கணினிகளில் அது ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடும். ஜெயித்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. நீ யார், எந்த ஊர், என்ன படித்தாய் என்ற கேள்வியே கிடையாது.

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ வந்தது. தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டு, ஸ்டாக்ஃபிஷ்ஷை 100 ஆட்டங்களில் 28இல் வென்றது, 72 சமன், தோல்வி பூஜ்ஜியம். ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குக் கொடுத்த நினைவகம் குறைவு, நேர விதி விசித்திரம் என்று ரோம்ஸ்டாட் ஆட்சேபித்தார். மறு ஆட்டம் கேட்கவும் வழியில்லை. ஆல்ஃபாஜீரோ வெளியே வரவே இல்லை, ஆய்வுக்கட்டுரை மட்டும்தான் வந்தது.

அது போதுமாக இருந்தது. ஃபிஷ்டெஸ்ட் செய்த அதே லின்ஸ்காட், ஜியான் கார்லோ பாஸ்குட்டோவின் லீலா ஜீரோ என்ற திறந்த 'கோ' விளையாட்டு நிரலை எடுத்து, 2018இல் செஸ்ஸுக்கான லீலாவைத் தொடங்கினார். அடுத்த வருடமே டிசெக் போட்டியின் இறுதியில் லீலா ஸ்டாக்ஃபிஷ்ஷைத் தோற்கடித்தது. ஸ்டாக்ஃபிஷ் சும்மா இருக்குமா? ஜப்பானின் ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு 2018இல் வடிவமைத்த சிறிய நரம்பு வலையை 2020இல் தனக்குள் சேர்த்துக்கொண்டது. பிறகு அந்த வலையைப் பயிற்றுவிக்க லீலாவின் ஆட்டத் தரவுகளையே பயன்படுத்தியது. எதிரியிடம் வாங்கித் தின்று எதிரியை அடிப்பது! இரண்டு பக்கமும் எல்லாம் திறந்திருந்ததால் இதில் திருட்டு என்ற பேச்சே எழவில்லை.

பேச்சு எழுந்தது வேறு இடத்தில். 2021இல் செஸ்பேஸ் நிறுவனம் ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 என்ற எஞ்சினை விற்றது. உள்ளே இருந்தது ஸ்டாக்ஃபிஷ். ஜிபிஎல் நிபந்தனைகளை மீறிவிட்டார்கள் என்று ஸ்டாக்ஃபிஷ் குழு ஜெர்மனியில் வழக்குப் போட்டது. 2022 நவம்பரில் சமரசம் ஆனது. ஃபேட் ஃப்ரிட்ஸ் 2இன் விற்பனை நின்றது. காசு வாங்காமல் எழுதுகிறவர்கள் நீதிமன்றம் வரை போனது காசுக்காக இல்லை. எங்கள் பெயர் இருக்க வேண்டும், வாங்குகிறவருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

இன்று உச்சியில் இருப்பது கருவாடுதான். ரகசியம் காத்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கிப் போனார்கள். திறந்து வைத்தால் தானாக ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. லெடூசேயைப் பாருங்கள், அவர் ஒருமுறைகூட உலக சாம்பியன் ஆகவில்லை. ரிப்காவிடமிருந்து பறித்த பட்டங்களும் ஃப்ரூட்டுக்குப் போகவில்லை, வேறு எஞ்சின்களுக்குத்தான் போயின.

2014இல் அவர் புதிதாக ஒரு எஞ்சின் எழுதிக்கொண்டு வந்தார். பெயர் சென்பாய், ஜப்பானிய மொழியில் மூத்தவர். அதையும் மூலநிரலோடு, ஜிபிஎல் உரிமத்தில்தான் கொடுத்தார்.