மிருதன்: தமிழின் முதல் ஜாம்பி படமும் அதன் விமர்சனங்களும்

மிருதன், 2016 பிப்ரவரி 19 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். சக்தி சௌந்தர் ராஜன் எழுதி இயக்கினார். ஜெயம் ரவி, லட்சுமி மேனன், அனிகா ஆகியோர் நடிக்க, டி. இமான் இசையமைத்தார். தமிழின் முதல் ஜாம்பி படம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. இந்தியில் 'ரைஸ் ஆஃப் தி ஜாம்பி', 'கோ கோவா கான்' ஆகிய இரண்டும் 2013-லேயே வந்துவிட்டன.

படம் வந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது தமிழில் திகில் படம் என்றாலே நகைச்சுவை கலந்த பேய்ப்படம்தான்; 'அரண்மனை 2' வெளியாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பழிவாங்க வரும் ஆவி, பேயோட்டும் சாமியார் என எதுவும் மிருதனில் இல்லை. ஆகவே விமர்சகர்கள் முதலில் அதன் துணிச்சலைப் பாராட்டினர். பிறகு காதல் காட்சிகளும் பாடல்களும் வேகத்தைக் கெடுப்பதாகவும், தர்க்க ஓட்டைகள் மிகுதி என்றும் குறை கூறினர். நல்ல முயற்சி என்ற அளவில் பேச்சு பெரும்பாலும் நின்றுவிட்டது.

இந்தப் பாராட்டு படத்துக்கு ஓரளவு அநியாயமும் செய்தது எனலாம். கதை ஊட்டியில் தொடங்குகிறது. கசிந்த நச்சுத் திரவத்தை ஒரு நாய் நக்குகிறது; அதன் கடியிலிருந்து தொற்று பரவுகிறது. தொற்றியவர்கள் தண்ணீரைக் கண்டு அஞ்சுகிறார்கள். நாய்க்கடியும் நீரச்சமும் நம் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டாத பயம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வகைமையை வெறிநாய்க்கடியோடு பிணைத்ததுதான் இப்படத்தின் அசல் கற்பனை. 'முதல்' என்ற சொல்லுக்குக் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை.

இந்த வகைமைக்கே அடித்தளமிட்ட படத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஜார்ஜ் ரொமேரோ, பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 1,14,000 டாலர் செலவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968-இல் வெளியானது. படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே வராது. வெரைட்டி இதழ் அதைக் கடுமையாகச் சாடியது. ஆனால் கறுப்பினத்தவரான கதாநாயகன் இறுதியில் சுட்டுக் கொல்லப்படுவதை, அந்நாட்டு இனப் பகையோடு சேர்த்துப் பிற்காலத்தில் பலர் வாசித்தனர். 1970-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிடப்பட்டது. 1999-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. திட்டியவர்களாவது அதை உற்றுப் பார்த்திருந்தார்கள்.

மிருதனின் நாயகனும் முடிவில் தொற்றுக்கு ஆளாகிறான். அன்றைய நட்சத்திரப் படத்துக்கு அது சிறிய காரியமல்ல. சக்தி சௌந்தர் ராஜன் அடுத்து அதே ஜெயம் ரவியை வைத்து, விண்வெளிக் கதையான 'டிக் டிக் டிக்' (2018) படத்தை எடுத்தார். அதற்கும் 'முதல்' என்ற அடைமொழி காத்திருந்தது. யோகி பாபு நடித்த 'ஜாம்பி' 2019-இல் வந்தபோது அந்தச் சலுகை தீர்ந்துபோயிருந்தது.