ஒரே நஞ்சில் இரு உயிர்

‘இரட்டைக் கர்ப்பம்’ என்று எழுதிய சீட்டு வந்தால், ஸ்கேனில் நான் முதலில் தேடுவது நஞ்சுக்கொடியைத்தான். தனித்தனி நஞ்சு என்றால் பாதி கவலை தீர்ந்தது. ஒரே நஞ்சு என்றால், உள்ளே இரு குழந்தைகளின் ரத்தநாளங்களும் பின்னிக் கிடக்கும்.

இதை நமக்குச் சொன்னவர் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்து மருத்துவர் பிரீட்ரிக் ஷாட்ஸ். 1880-களில், பிரசவத்தில் விழுந்த நஞ்சுகளை ஆராய்ந்து, இந்த இணைப்பை ‘மூன்றாவது ரத்த ஓட்டம்’ என்றார். அதன் வழியே ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் பாயும்போது, கொடுக்கும் குழந்தை வற்றுகிறது. அதற்குப் பனிநீர் குறைகிறது. வாங்கும் குழந்தையின் இதயம் திணறுகிறது. அதன் பனிக்குடம் நிரம்பி வழிகிறது. காரணம் புரிந்தது. ஆனால் நஞ்சு விழுந்த பிறகு புரிந்து யாருக்கு லாபம்?

வயிற்றுக்குள் இருக்கும்போதே பார்க்க இன்னும் ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. அதற்கு உதவிய விதி மட்டும் முன்பே இருந்தது. 1842-ல் பிராகில் கிறிஸ்டியன் டாப்ளர், நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்ற தன் விதியை எழுதியது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை விளக்க. 1958-ல் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் மீயொலியால் வயிற்றுக்குள் படம் பிடித்துக் காட்டினார். 1977-ல் டப்ளினில் பிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் அந்த விதியில் இயங்கும் டாப்ளர் மீயொலியைத் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தின் மேல் திருப்பினார்கள்.

டாப்ளர் திரையில் ரத்த ஓட்டத்தின் அலை முகடுகள் வரிசையாக ஓடும். இதயம் சுருங்கும்போது முகடு எழும். இதயம் விரியும் நேரத்திலும் ரத்தம் நஞ்சை நோக்கி ஓடியாக வேண்டும். எங்கள் கண் அந்த இடைவெளியில்தான் இருக்கும். நஞ்சில் தடை கூடினால் அலை அடிக்கோட்டைத் தொட்டுவிடும். கோட்டுக்குக் கீழே இறங்கினால், ரத்தம் திரும்பி வருகிறது என்று பொருள்.

1999-ல் ரூபன் குவின்டெரோ, ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் பாயும் இந்நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தபோது, டாப்ளர் அலை கெடுவதை மூன்றாம் நிலையாக வைத்தார். 2007-ல் பார்சிலோனாவின் கிரட்டகோஸ், இரண்டில் ஒன்று மட்டும் வளராமல் போகும் கர்ப்பங்களைத் தொப்புள்கொடி அலையைக் கொண்டே மூன்று வகையாக்கினார். மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளரால் அளந்தால், எந்தக் குழந்தைக்கு ரத்தசோகை என்பதும் பிடிபடும்.

மருத்துவமும் வளர்ந்தது. 2004-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், இணைப்பு நாளங்களை லேசரால் அடைத்த தாய்மார்களில் 76 சதவீதத்தினருக்கு ஒரு குழந்தையாவது பிழைத்தது. பனிநீரை மட்டும் வடித்தவர்களில் 56 சதவீதம்தான்.

ஆனால் இதற்கெல்லாம் முதலில் நஞ்சு ஒன்றா, இரண்டா என்பது தெரிய வேண்டும். அது தெளிவாகத் தெரிவது 11 முதல் 14 வாரத்துக்குள். நாள் போகப் போக அது மங்கும். இரட்டைக் குழந்தை என்று சொன்னதும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்; பதிலை ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். ஒரே நஞ்சு என்றால், 16-வது வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.