நலமாக இருக்கும்போதே ஒரு சோதனை

ராசிபுரத்திலுள்ள என் பெரியம்மாவை ஒரு முறை மகளிர் மருத்துவச் சோதனைக்கு அழைத்தோம். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே கண்ணு! நல்லா இருக்கிறவ எதுக்கு ஆசுபத்திரிக்குப் போகோணும்?" என்றார். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழுந்திருக்கலாம். இதற்கு விடை நமக்கு அருகிலேயே கிடைத்தது. நாமக்கல்லிலிருந்து காவிரியைக் கடந்து, கரூர் வழியே தெற்கே சென்றால் வரும் திண்டுக்கல் மாவட்டத்தில்தான்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் திடீரெனத் தோன்றுவதன்று. பாப்பிலோமா என்னும் வைரஸ் உடலை விட்டு நீங்காமல் தங்கினால், அங்குள்ள செல்கள் மெல்ல மாறுகின்றன. மாற்றம் புற்றாக முற்றப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை வலி இராது. இந்த இடைவெளியில் கண்டுகொண்டால் நோயையே தடுத்துவிடலாம்.

செல்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை பாப்பனிக்கலோ என்பவர் அமெரிக்காவில் 1940களில் நிலைநாட்டினார். மேலை நாடுகளில் இந்நோய் வெகுவாகக் குறைய அது உதவிற்று. ஆனால் அதற்கு ஆய்வுக்கூடமும் தேர்ந்த கண்களும் வேண்டும். நம் சிற்றூர்களில் அவற்றுக்கு எங்கே போவது?

இங்குதான் வினிகர் வருகிறது! 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கொளியில் பார்க்கிறார்கள். இயல்பான திசுவினூடே ஒளி ஊடுருவி, அடியிலுள்ள இரத்தத்தின் நிறத்துடன் திரும்புவதால் இளஞ்சிவப்பாகத் தெரியும். மாறிய செல்களில் உட்கரு பெரிது. அங்குள்ள புரதம் அமிலத்தால் தற்காலிகமாகத் திரிகிறது. ஒளி சிதறுகிறது, அவ்விடம் வெண்மையாகிறது. மேகம் வெண்மையாகத் தெரிவதும் ஒளிச்சிதறலால்தானே! அவ்விடத்தை உறைய வைத்து அழிக்கும் கருவியிலும், நாம் வகுப்பில் படிக்கும் ஜூல்–தாம்சன் விளைவே வேலை செய்கிறது. அழுத்தத்திலிருந்த வாயு சிறு துளை வழியே விரிந்து கடுங்குளிர் அடைகிறது.

இம்முறை உயிர் காக்குமா? அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ மருத்துவ நிலையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும், பிறரும் சேர்ந்து ஆராய்ந்தனர். திண்டுக்கல் மாவட்டத்தின் 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல்போல் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில், 30 முதல் 59 வயதான 49,311 பெண்களுக்கு 2000–2003இல் சோதனைக்கு ஏற்பாடாயிற்று. சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்! முடிவு 2007இல் 'லான்செட்' இதழில் வந்தது. மற்றப் பாதியைவிட இங்கு நோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 31,343 பேரே. வராத ஏறத்தாழ 18,000 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் இந்த 35 சதவீதம். என்னை உறுத்துவது அந்தப் பதினெட்டாயிரம்தான். கூச்சமா, வேலையா, "ஒண்ணுமில்லையே" என்ற நினைப்பா?

பின்னர் தமிழக அரசு தேனி, தஞ்சை மாவட்டங்களில் முதலில் தொடங்கி, இச்சோதனையை மாநிலமெங்கும் கொண்டு சென்றது. 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம்.

பெரியம்மா போனாரா என்று கேட்பீர்கள். அந்த ஆண்டு போகவில்லை. மறு ஆண்டு, எங்களிடம் சொல்லாமலே, பக்கத்து வீட்டம்மாவுடன் போய் வந்திருந்தார்.