குழந்தை மருத்துவத்தில் ஒரு நீண்ட தேடல்

வரலாறு என்றவுடன் மாணவர்களின் உள்ளத்தில் மன்னர்களும் படைகளும் கோட்டைகளும் தோன்றுவது இயல்பு. பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்ன நானும் அவ்வாறு கற்பித்தவன்தான். பல்லவர் குடைந்த மாமல்லபுரம் எங்கள் கூடுவாஞ்சேரிக்கு வெகு தொலைவில் இல்லை. ஆண்டுதோறும் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, பாறையைக் காட்டி ஆண்டுகளை ஒப்பிக்கச் செய்திருக்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாறோ எந்தக் கல்லிலும் பொறிக்கப்படாதது. பலர் நடுவில் சொல்லக் கூசுவது. நான்கு வயதைக் கடந்த பின்னும் மலத்தை அடக்க இயலாமல் ஆடையிலேயே கழித்துவிடும் குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு நேர்ந்தது என்னவென்று மருத்துவர்கள் தேடிய தேடலே அது. கேட்பவர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. நானும் ஒருகாலத்தில் முகஞ்சுளித்தவன்தான். அதனாலேயே இதைப் பேச முன்வந்தேன்.

1996ஆம் ஆண்டு. கூடுவாஞ்சேரிக்கு அணித்தேயுள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் நான் தலைமையாசிரியன். முதல் வகுப்பில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் கால்சட்டையில் நாள்தோறும் கறை. அருகில் அமர்ந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வகுப்பாசிரியை பன்முறை முறையிட்டார். நான் அவனை அழைத்து, "நாற்றம் உனக்குத் தெரியவில்லையாடா?" என்று அதட்டினேன். "தெரியல சார்" என்றான். பொய் சொல்கிறான் என்று கருதி, ஓரத்தில் தனியாக ஒரு பலகை போட்டு அதில் அமரச் செய்தேன். சில நாள்களில் வீட்டுக்கும் திருப்பியனுப்பினேன். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியலைப் பாடமாகப் படித்துத் தேறியவன்தான் நான். அந்தப் படிப்பு அன்று எனக்குத் துணை செய்யவில்லை.

அச்சிறுவனின் தாய் தாம்பரத்தில் ஏற்றுமதி ஆடை தைக்கும் கம்பெனிக்கு விடியற்காலை வண்டியிலேயே வேலைக்குப் போகிறவர். ஈராண்டுகளாக அவர் ஏறாத படியில்லை. பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்தார். இரண்டு நாள் நன்றாயிருந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. மாந்தம் என்று ஒருவர் மருந்து இழைத்தார். மற்றொருவர் மந்திரித்துக் கயிறு கட்டினார். மருத்துவம் படித்த ஒருவரோ வயிற்றுப்போக்கு என்று கொண்டு, போக்கை நிறுத்தும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன்பின் நிலைமை முன்னிலும் மோசமாயிற்று. இறுதியில் யாரோ சொல்ல, ஒருநாள் கூலியை இழந்து, மகனை இடுப்பில் சுமந்து, இரயிலேறி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்.

அந்த மருத்துவமனைக்கே ஒரு வரலாறு உண்டு. குழந்தை என்பது உருவத்தில் சிறிய பெரியவர் அன்று, அதற்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியது சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியிலேதான். சென்னையில் அதனைத் தனித்துறையாக வளர்த்தவர் டாக்டர் எஸ். டி. ஆச்சார். குழந்தைகளுக்கான அறுவை மருத்துவத்துக்கு அங்கே அடிகோலியவர் டாக்டர் எம். எஸ். இராமகிருஷ்ணன். பிணி தீர்ந்து வீடு திரும்பிய எத்தனையோ குழந்தைகள் அவர்கள் பெயரையும் அறியமாட்டார்கள்.

மருத்துவர் சிறுவனைத் தொடுவதற்கு முன்பே தாயை ஒரு கேள்வி கேட்டாராம். "பிறந்தப்போ பிள்ளை முதன்முதலா வெளிக்குப் போனது எப்போம்மா? அன்னைக்கேவா, ரெண்டு மூணு நாள் கழிச்சா?" ஆறு வயதுப் பிள்ளைக்குப் பிறந்த நாளின் கணக்கு எதற்கென்று அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. பிறகு இதைக் கேள்வியுற்ற எனக்கும் விளங்கவில்லை. நூல்களைத் தேடிப் படித்தபோதுதான், அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ 250 ஆண்டு உழைப்பு நிற்கிறது என்று கண்டேன்.

ஹாலந்து நாட்டு உடற்கூற்று அறிஞர் பிரெடெரிக் ரூய்ஷ் என்பவர் 1691இல், பெருங்குடல் அளவிறந்து விரிந்து இறந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதிவைத்தார். பின்னும் பலர் அத்தகைய குழந்தைகளைக் கண்டார்கள், கண்டதைக் குறித்தார்கள், அவ்வளவே. 1886இல் டென்மார்க் நாட்டுக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங், பெர்லின் நகரில் கூடிய மருத்துவர் அவையில், ஓராண்டும் நிறையாமல் இறந்த இரண்டு ஆண் குழந்தைகளின் வரலாற்றை எடுத்துரைத்தார். இருவரும் பிறந்தது முதலே மலங்கழிக்க இயலாது வயிறு வீங்கித் துன்புற்றவர்கள். குடல் பிறவியிலேயே பெருத்திருப்பதுதான் நோய் என்பது அவர் முடிவு. 1888இல் அவ்வுரை அச்சேறியது. நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது.

இந்த ஹிர்ஷ்ஸ்ப்ருங் வெறும் ஏட்டு மருத்துவர் அல்லர். தந்தை புகையிலைத் தொழிற்சாலை நடத்திய செல்வர். அதை ஏற்று நடத்த மறுத்து மருத்துவம் பயின்றவர் மகன். கோபன்ஹேகனில் அரசி லூயிஸாவின் பெயரால் அமைந்த குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவராக விளங்கினார். ஒவ்வொரு கட்டிலின் மேலும் திருமறை வாசகம் எழுத வேண்டும் என்று அரசியார் விரும்ப, இவரோ விலங்குகளின் படங்களே வேண்டும் என்று நின்றார் எனச் சொல்வார்கள். நோயுற்ற குழந்தை கண்விழித்ததும் எதைக் காண விரும்பும் என்று அறிந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டுவதில்லை.

ஆயினும் அத்தகைய பெரியவரும் ஓரிடத்தில் தவறினார். வீங்கிய குடலைக் கண்டவர், வீக்கமே நோய் என்று கொண்டுவிட்டார். கண்ணுக்குப் பெரிதாய்த் தெரிவதில்தானே கருத்தும் ஊன்றும்? அவரைப் பின்பற்றிய அறுவை மருத்துவர்களும் பெருத்த பகுதியை வெட்டி நீக்கி, மேலும் கீழுமாக இருந்த முனைகளை இணைத்துத் தைத்தார்கள். பிழைத்த குழந்தைகளுக்கும் நோய் மீண்டு வந்தது. குடலுக்குச் செல்லும் நரம்புகள் சிலவற்றை அறுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அதனாலும் நிலையான பயன் விளையவில்லை.

உண்மைக்கான வழி முன்பே திறந்திருந்தது என்பதுதான் வியப்பு. குடற்சுவரில் நரம்பணுக்கள் கூட்டங்கூட்டமாக அமைந்து, குடலைச் சுருக்கியும் விரித்தும் உள்ளிருப்பதைக் கீழே தள்ளுகின்றன. இவ்வமைப்பை 1857இல் மைஸ்னரும் 1862இல் அவுவர்பாக்கும் விளக்கியிருந்தார்கள். 1901இல் டிட்டல் என்பவர், இந்நோயுற்ற குழந்தையின் குடலில் அந்த அணுக்கள் இல்லாமையைக் குறிப்பிட்டார். அவர் சொல் ஏறவில்லை. வீங்கிய பகுதியை மட்டும் எடுத்து ஆராய்ந்தவர்களுக்கு அங்கே அணுக்கள் இருக்கக் காணப்பட்டன. பிறகு எப்படி நம்புவார்கள்? நோய்க்குப் பெயர் தந்தவரை உலகம் அறியும். டிட்டலை நினைப்பவர் சிலரே.

அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர்வார் ஸ்வென்ஸன்தான் முடிச்சை அவிழ்த்தார். இந்நோயுற்ற குழந்தைகளுக்கு வயிற்றில் துளையிட்டு அவ்வழியே மலம் வெளியேறச் செய்தால் உடல் தேறியது. துளையை மூடினால் நோய் திரும்பியது. அப்படியானால் மேற்குடலில் பழுதில்லை, பழுது அதற்கும் கீழே உள்ளது என்று அவர் எண்ணினார். சிறிய பலூன்களைக் குடலுள் வைத்து அதன் அசைவை அளந்தார். பெருத்த பகுதி நன்றாகச் சுருங்கியது. அதற்குக் கீழே, பார்வைக்கு ஒரு குறையுமில்லாத ஒடுங்கிய பகுதியில் அலையசைவு இல்லை. 1948இல் அவர் வெளியிட்ட முறைப்படி, அந்த ஒடுங்கிய பகுதி நீக்கப்பட்டு, மேலுள்ள குடல் ஆசனவாயருகே இழுத்து இணைக்கப்பட்டது. குழந்தைகள் பிழைத்தார்கள். அவ்வாண்டிலேயே வேறு ஆய்வாளர்களும் கீழ்ப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லை என்று உருப்பெருக்கியால் உறுதி செய்தார்கள். 62 ஆண்டுகளாக வெட்டப்பட்டது நல்ல குடல். உள்ளே விடப்பட்டது நோயுற்ற குடல்! ஸ்வென்ஸன் நூறாண்டு கடந்து வாழ்ந்து 2012இல் மறைந்தார். தம்மால் உயிர்பிழைத்த குழந்தைகள் முதுமை எய்துவதையும் காணும் பேறு பெற்றவர்.

தாயின் வயிற்றில் கரு வளரும்போது, 5ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரையில் இந்நரம்பணுக்கள் குடலின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கிப் பயணம் செய்கின்றன. வழியில் பயணம் நின்றுபோனால் அதற்குக் கீழுள்ள குடல் அசைவற்றதாகிறது. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இவ்வாறு நேரும். நலமான குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் பிறந்த 24 மணி நேரத்துக்குள் கருநிறப் பசைபோன்ற முதல் மலத்தைக் கழித்துவிடுவார்கள். இந்நோயுற்ற குழந்தைகளுள் பலருக்கு இரண்டு நாள் கடந்தும் அது வாராது. எழும்பூர் மருத்துவர் கேட்ட கேள்வியின் பொருள் இதுதான், மாணவர்களே.

"பொறந்த அன்னைக்கே போயிட்டான் டாக்டர்" என்றாராம் தாய். மருத்துவர் சிறுவனின் முதுகெலும்பின் அடிப்பகுதியைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஆசனவாயைச் சோதித்தார், எக்ஸ்ரே படம் எடுக்கச் செய்தார். அது ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய் அன்று; அறுவையும் தேவையில்லை. படத்தைக் காட்டி, "உள்ளே பூரா அடைச்சுக்கிட்டு இருக்கும்மா" என்றார். போக்கு என்று எல்லாரும் கருதிய அந்நோய் உண்மையில் மலச்சிக்கல்.

இது எவ்வாறு பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம். இறுகிய மலம் ஒருநாள் ஆசனவாயில் வெடிப்பு உண்டாக்குகிறது. அந்த வலிக்கு அஞ்சிய குழந்தை அடக்கப் பழகுகிறது. அடக்க அடக்க மலம் மேலும் இறுகுகிறது. குடலின் அடிப்பகுதி விரிகிறது. விரிந்த குடல் நிறைந்ததை உணர்த்தும் ஆற்றலை இழக்கிறது. பிறகு, மேலிருந்து வரும் இளகிய மலம் அடைப்பின் ஓரமாகக் கசிந்து ஆடையில் இறங்குகிறது. குழந்தைக்கு அது தெரிவதே இல்லை. நாளடைவில் நாற்றமும் பழகிவிடுகிறது. அச்சிறுவன் என்னிடம் சொன்னது முழு உண்மை.

அடைப்பும் சிறுகச் சிறுகக் கசிவதும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதை நம் நாட்டவர் அறியாதவர் அல்லர். குடல் அடைபடும் வயிற்று நோய் ஒன்றை விளக்கும் சுசுருத சங்கிதை, அதில் மலம் துன்பத்தோடு சிறிது சிறிதாக இறங்கும் என்று கூறுகிறது. அது வேறு நோய். ஆனால் கூர்ந்து நோக்கிய கண் ஒன்றே. குழந்தைகளின் இந்தக் குறைக்கு 1926இல் வைஸன்பெர்க் என்பவர் 'என்கோப்ரெசிஸ்' என்று கிரேக்க மொழியிலிருந்து பெயர் படைத்தார். பெயர் கிடைத்ததும் விளக்கம் கிடைத்துவிட்டதாக எண்ணுவது படித்தவர்களின் குறை. உளநூலார் சிலர் தாயின் வளர்ப்பையும் குழந்தையின் பிடிவாதத்தையும் காரணமாக்கினார்கள். குழந்தை மருத்துவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அடைப்பே காரணம் என்று நிறுவியது 1950க்குப் பின்னரே.

மருத்துவ முறை எளியது. பொறுமையோ மிகுதியாக வேண்டும். முதலில் எனிமாவாலோ மருந்தாலோ அடைப்பு முழுவதும் நீங்க வேண்டும். பின்பு மலம் இளகியிருக்கப் பல மாதங்கள் மருந்து தொடர வேண்டும். விரிந்த குடல் சுருங்கி உணர்ச்சி பெற அவ்வளவு காலம் ஆகும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். உணவு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் இயல்பாக அசையும். ஆதலால் உண்ட பின் ஐந்து பத்து நிமிடம் பிள்ளையை அமரச் செய்ய வேண்டும். அடிக்கவோ பழிக்கவோ கூடாது. பாட்டியின் விளக்கெண்ணெய் முற்றிலும் தவறு என்றும் சொல்வதற்கில்லை. ஒருநாள் பேதியால் ஈராண்டு அடைப்புத் தீராது, அவ்வளவே.

மருத்துவர் இறுதியாக ஒன்று கேட்டார். அதற்கு விடை சொல்லத் தெரியாமல் அந்தத் தாய் மறுநாள் என்னிடம் வந்து நின்றார்.

"சார், பள்ளிக்கூடத்துல புள்ளைங்க வெளிக்குப் போறதுக்கு எடம் இருக்கான்னு டாக்டர் கேக்கச் சொன்னாரு. நான் விடியக்காலம் வேலைக்குப் போயிடறேன். ஏரிக்கரைக்குத் தனியாப் போக இவன் பயப்படுறான். இங்க வந்தா அடக்கிக்கிறானாம்."

கழிப்பறை இருந்தது. பிள்ளைகள் அசுத்தம் செய்கிறார்கள் என்று அதைப் பூட்டிவைக்கச் சொன்னவன் நான். சாவி என் அறைச் சுவரில், என் நாற்காலிக்குப் பின்னாலேயே ஆணியில் தொங்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் விதித்தது 2009இல். எனக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவை என்ன இருந்தது?

"மன்னிக்க வேணும் அம்மா" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை; என்ன சொல்வதென்று தெரியாமல் மகனின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். அன்று மாலையே பூட்டை எடுத்துவிட்டு, நீர்த்தொட்டி ஒன்று வைக்கச் செய்தேன். பகலுணவு முடிந்ததும் சிறுவன் தானே அங்கே சென்றுவர ஏற்பாடாயிற்று. முதல் மாதம் பெரிய மாற்றமில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பின் கறை குறைந்தது. முழுமையாகக் குணமாக ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. ஓரத்தில் போட்டிருந்த அந்தப் பலகையை வகுப்பாசிரியை முன்பே எடுத்து, மற்றப் பலகைகளோடு சேர்த்துப் போட்டிருந்தார்.