வளவைச் சுற்றி வளர்ந்த அழகு: செட்டிநாட்டு வீட்டின் உள்ளலங்கார வரலாறு

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் செட்டிநாடு, வற்றாத ஆறோ செழித்த வயல்வெளியோ இல்லாத வறண்ட செம்மண் பூமியாயினும், தமிழர் தம் வீட்டின் உட்புறத்தை எவ்வாறு அழகுபடுத்தினர் என்பதை அறிய விரும்புவோர் முதலில் சென்று காண வேண்டிய நிலமாகும். மரபுவழிக் கணக்கில் 96 ஊர்களாகச் சொல்லப்பட்டு, இன்று 73 கிராமங்களாகவும் 2 நகரங்களாகவும் எஞ்சியுள்ள இப்பகுதியின் வணிகர் குடியிருப்புகள், 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவ்வீடுகளைப் பற்றிப் பேசுவோர் பர்மாத் தேக்கு, பெல்ஜியக் கண்ணாடி, இத்தாலியப் பளிங்கு என்று பொருள்களின் பட்டியலை அடுக்குவதே வழக்கம். அப்பொருள்கள் வீட்டின் எந்த இடத்தில், எந்த வேலைக்காக வைக்கப்பட்டன என்று வினவினால் மட்டுமே, அலங்காரத்தைப் பற்றி இவ்வீடுகளைக் கட்டியவர்கள் கொண்டிருந்த தெளிவான கொள்கை புலப்படும்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தார் இவ்வீடுகளை எழுப்பியதற்கான பொருள் கடல் கடந்து ஈட்டப்பட்டது. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869-இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தின் நெல்லுக்கு ஐரோப்பியச் சந்தை கிடைத்ததும், புதிதாகக் காடு திருத்திய உழவர்களுக்குக் கடன் கொடுக்கும் பெரும் வாய்ப்பை நகரத்தாருக்கு உண்டாக்கின. இலங்கை, மலேயா, சிங்கப்பூர், சைகோன் ஆகிய இடங்களிலும் அவர்களுடைய லேவாதேவித் தொழில் பரவியது. அங்கெல்லாம் கிட்டங்கி எனப்பட்ட பொதுக் கூடத்தில், ஒரு கைமேசையும் ஒரு பெட்டகமும் ஒரு பாயுமே தம் உடைமையாக, பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் முகவர்கள் தங்கிப் பணி செய்தனர். தொழில் செய்த இடத்தில் இத்தனை சிக்கனமாக வாழ்ந்தவர்கள் சொந்த ஊரில் அரண்மனையொத்த வீடுகளைக் கட்டியதை முரணாகக் கொள்ள வேண்டியதில்லை. திருமணமும் மணிவிழாவும் நடைபெற்று, ஒரு குடும்பத்தின் தகுதியை உறவினர் அனைவரும் நேரில் கண்டு மதிப்பிடும் இடம் ஊர் வீடாகவே இருந்தது.

வீட்டின் அமைப்பு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நீண்ட நேர்கோடாகும். தெருவை ஒட்டி உயர்ந்த மேடைமீது அமைந்த திண்ணைகளும் கூடமும் கொண்ட முன்பகுதி முகப்பு எனப்படும். அதைக் கடந்தால் வானம் பார்த்த முற்றமும் அதன் நான்கு பக்கத் தாழ்வாரங்களும் சேர்ந்த வளவு வரும். அதற்கு அப்பால் விருந்து பரிமாறப்படும் இரண்டாங்கட்டும், அடுப்படிகளும் அம்மி ஆட்டுரல்களும் கொண்ட மூன்றாங்கட்டும் அமைந்து, பின்வாசலில் வீடு நிறைவுறும். வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ப்பட அமைந்திருப்பதால், தெருவில் நிற்பவர் கண்ணுக்கு வெயிலும் நிழலும் மாறி மாறித் தெரிந்து கொண்டே போக, அடுத்தடுத்த முற்றங்கள் வழியாக வெப்பக் காற்று மேலேறி வெளியேறி, கீழே நிழலில் குளிர்ந்த காற்று நிற்கும். மழைக்காலத்தில் உட்புறம் சரிந்த ஓட்டுக்கூரைகளின் நீர் முற்றத்தில் விழுந்து, தேவைக்குச் சேமிக்கப்பட்டதுபோக எஞ்சியது வடிகால் வழியே வெளியேறும்.

வளவைச் சுற்றியுள்ள அறைகளின் வரிசை ஒரு சமூக ஏற்பாட்டின் வடிவமாகும். திருமணமான ஒவ்வோர் ஆண்மகனும் ஒரு புள்ளி என்று கணக்கிடப்பட்டதோடு, மணமான பின் அவனுக்கும் மனைவிக்கும் சமையலையும் செலவையும் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் ‘வேறு வைத்தல்’ என்ற வழக்கமும் நகரத்தாரிடம் இருந்தது. கூரை ஒன்று, வளவு பொது, அடுப்பு தனி என்ற இந்த ஏற்பாட்டில், ஒவ்வொரு புள்ளிக்கும் வளவை நோக்கித் திறக்கும் அறை ஒதுக்கப்பட்டது. அவ்வறை பெரும்பாலும் சிறியது, இருண்டது, அலங்காரம் அற்றது. மணப்பெண் கொண்டு வந்த பித்தளை, வெண்கலம், எனாமல், பீங்கான் ஆகிய சீர்ச் சாமான்களைப் பத்திரப்படுத்துவதே அதன் முதற்பயன். பொது இடம் செல்வமும் ஒளியும் நிறைந்து விளங்க, தனி இடம் எளிமையாக இருந்த இந்த வேறுபாடே இவ்வீட்டின் அலங்காரம் முழுவதற்கும் அடிப்படை விதி எனலாம்.

முகப்பு அந்த விதியின் உச்சமாகும். கணக்கு வழக்குகளும் விருந்தினர் வரவேற்பும் நடைபெற்ற இப்பகுதியில் கஜலட்சுமி, யாளி, கொடி, கிளி முதலிய செதுக்கல்கள் அடர்ந்த நிலைக்கதவும், பளிங்குத் தரையும், தேக்குத் தூண்களும் ஒருங்கே இடம்பெற்றன. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. முதிரை எனப்படும் மஞ்சள் நிறக் கடின மரம் இலங்கையிலிருந்து வந்தது. ஒரே மரத்தில் கடைந்த தூண், தாழ்வாரக் கூரையின் பாரத்தைத் தாங்கியவாறே தன்னைக் கொண்டுவந்தவரின் வணிகத் தொடர்பையும் அறிவித்தது. உள்ளே செல்லச் செல்ல இத்தகைய தூண்களின் இடத்தைக் கருங்கல் தூண்கள் பிடித்துக்கொள்வதையும், அடுப்படியை நெருங்கும்போது கழுவித் துடைக்க ஏற்ற கல்தளம் வந்துவிடுவதையும் பல வீடுகளில் காணலாம்.

சுவரின் வெண்மை இவ்வீடுகளின் வியத்தகு கூறுகளில் ஒன்று. செங்கல்லோ, அப்பகுதியில் வெட்டியெடுக்கப்படும் செம்புராங்கல்லோ கொண்டு எழுப்பிய தடித்த சுவர்மீது, சுண்ணாம்பும் மணலும் கலந்த கலவை பல பூச்சுகளாக, பருமனானது முதலிலும் மிக நுண்ணியது இறுதியிலுமாக ஏற்றப்பட்டது. கலவையுடன் கருப்பட்டி நீரும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்க்கப்பட்டன. கருப்பட்டியின் சர்க்கரை கலவை விரைந்து இறுகிவிடாமல் தடுத்துக் கொத்தனார் இழுத்துப் பூசுவதற்கு அவகாசம் தந்தது; கடுக்காயின் துவர்ப்புச் சத்து உறுதியைக் கூட்டியது. இறுதிப் பூச்சில் சலித்தெடுத்த சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்தபோது, சுவர் பளிங்குபோல் மின்னியது. ஈரத்தை உள்ளிழுத்து மீண்டும் வெளிவிடும் இயல்புடைய சுண்ணாம்புப் பூச்சு கோடையில் அறையைக் குளிர்ச்சியாக வைத்தது. பளபளத்த பரப்போ முற்றத்தின் வெளிச்சத்தைத் தாழ்வாரத்தின் ஆழம்வரை கொண்டு சென்றது. நூறாண்டு கடந்தும் வண்ணம் பூச அவசியமில்லாத சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

தரையின் வரலாறு, வெளியிலிருந்து வந்த ஒரு கலை உள்ளூர்க் கைத்தொழிலாக மாறிய வரலாறாகும். தொடக்கத்தில் இங்கிலாந்தின் மிண்டன் முதலிய ஆலைகளின் தரைக்கற்களும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானில் உருவான மஜோலிகா எனப்படும் புடைப்பு வேலைப்பாடுடைய பளபளப்பான பீங்கான் ஓடுகள் சுவர்களின் கீழ்ப்பகுதியை அணி செய்தன. ரவிவர்மாவின் படங்களைத் தழுவிய தெய்வ உருவங்களையே ஜப்பானியர் இந்தியச் சந்தைக்காக ஓடுகளில் வார்த்து அனுப்பினர். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், சூளையில் சுடாமல் சிமெண்டை அழுத்தியே வண்ணத் தரைக்கல் செய்யும் முறை பிறந்திருந்தது. அம்முறை காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் வேரூன்றியபோது, எந்திர அழுத்தத்தின் இடத்தைக் கைத்திறன் பிடித்தது.

ஆத்தங்குடிப் பூக்கல் எனப்படும் அக்கல்லைச் செய்வோர், கண்ணாடித் தகடு ஒன்றைச் சட்டத்தின் அடியில் வைத்து, அதன்மேல் பூவோ கொடியோ கட்டமோ வளைத்து அமைத்த உலோக அச்சைப் பொருத்தி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிமெண்டும் நிறப்பொடியும் கரைத்த குழம்பைச் சிறு கரண்டியால் அளவாக ஊற்றுவர். அச்சைக் கை நடுங்காமல் தூக்கி எடுத்தபின், நிறங்கள் ஒன்றோடொன்று கலக்குமுன் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்வர். பிறகு கல் சில நாள்கள் தண்ணீரில் ஊறிப் பதப்படும். அடியிலிருந்த கண்ணாடி கழன்று வரும்போது, அதன் வழவழப்பு முழுவதும் கல்லின் முகத்தில் தங்கியிருக்கும். சூளையும் நெருப்பும் தேவைப்படாத இக்கல், வெறுங்காலால் நடக்க நடக்கவும், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்கவும் மெருகேறும் தன்மையது. தொலைவிலிருந்து இறக்குமதியான ஆடம்பரத்தின் பிரதியாகத் தொடங்கிய இத்தொழில், உள்ளூர் மணலையும் உள்ளூர்க் கையையும் நம்பி வளர்ந்ததால், வீடுகளை எழுப்பிய செல்வம் வற்றிய பின்னும் வாழ்கிறது.

கண்ணாடிகளும் படங்களும் சுவரில் இடம்பெற்ற முறையும் இதே சிந்தனையைக் காட்டுகிறது. பெல்ஜியத்திலிருந்து வந்த பெரிய நிலைக்கண்ணாடிகள் வாசலுக்கோ முற்றத்துக்கோ எதிரே வைக்கப்பட்டு, வெளிச்சத்தை இரட்டிப்பாக்கின. சாளரங்களின் மேல்வளைவில் பதித்த நிறக்கண்ணாடிகள் கடும் வெயிலை மென்மையாக்கித் தரையில் வண்ணமாக விழச் செய்தன. தஞ்சாவூர் ஓவியங்களும், 1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்களும், குடும்ப முன்னோரின் புகைப்படங்களும் வளவின் சுவரில் உயரத்தில் வரிசையாக, நிமிர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு நேர்ப்படுமாறு சற்று முன்சாய்த்து மாட்டப்பட்டன. இத்தனைக்கும் நடுவில் மங்கல நாள்களில் பெண்கள் அரிசிமாவைக் கரைத்து இட்ட நடுவீட்டுக் கோலம், ஒரு நாள் மட்டுமே நிலைப்பதாயினும், வீட்டின் மிக உயர்ந்த அலங்காரமாக மதிக்கப்பட்டது.

1930-களின் உலகப் பொருளாதார மந்தம் இக்கட்டட வேகத்தின் மூச்சை அடக்கியது. நெல் விலை வீழ்ந்து உழவர்கள் கடனைத் திருப்ப முடியாமற்போனதால், கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் வசமிருந்த நிலம், 1938-இல் ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. பணமாகச் சுழல வேண்டிய முதல் அந்நிய மண்ணில் நிலமாக முடங்கிய அந்நிலையில், 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1962-இன் இராணுவ ஆட்சி எஞ்சிய தொழில்களையும் முடித்தது. வருவாய் நின்ற பின், பல பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருக்கும் முழுமையாகச் சேரவில்லை. திருமணத்திற்கு மட்டும் திறக்கப்பட்ட வீடுகள் மெல்ல மெல்லப் பூட்டப்பட்டன, பல பிரிக்கப்பட்டன.

பிரிக்கப்பட்ட வீடுகளின் நிலைக்கதவுகளும் தூண்களும் சீர்ச் சாமான்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் வழியாகப் பெருநகர வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் சென்றன. அவ்வாறு சென்ற பொருள்கள் அழியாமல் காக்கப்பட்டன என்பது உண்மை. கூரையைத் தாங்கிய தூண் எதையும் தாங்காமல் ஒரு மூலையில் நிற்கும்போது அதன் பொருள் குறைகிறது என்பதும் உண்மை. இதற்கு மாறாக, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டு வீடு ஒன்று பிற மரபு வீடுகளோடு வீடாகவே நிறுவப்பட்டுள்ளதும், கானாடுகாத்தான், காரைக்குடி ஆகிய ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகப் புத்துயிர் பெற்றிருப்பதும், பொருளோடு அதன் இடமும் சேர்ந்து காக்கப்படும் வழிகளாகும்.

இன்றைய சிறு வீட்டிற்கும் அடுக்ககத்திற்கும் இவ்வரலாறு கற்பிப்பது, முதலாவதாக, ஒளியின் வழியை அறிந்த பிறகே பொருள்களை வாங்க வேண்டும் என்பதாகும். வெளிச்சம் வரும் ஒரே சாளரத்துக்கு எதிர்ச்சுவரில் வைக்கும் கண்ணாடி, இரண்டாவது சாளரம் போலப் பயன்படும். இரண்டாவதாக, அலங்காரத்திற்குப் படிநிலை வேண்டும்: பலரும் கூடும் கூடத்தில் வேலைப்பாடும் நிறமும் செறிந்திருக்க, படுக்கையறை எளிமையாக அமைவதே மனத்துக்கு ஓய்வு தரும். பூக்கல்லை எல்லா அறைகளிலும் பரப்பாமல், ஒற்றை நிறக் கற்களைக் கரையாகச் சுற்றிப் பதித்து ஒரே கூடத்தில் விரிப்புப் போல அமைத்தால், அதன் அழகு முழுமையாகத் தெரியும். கையால் செய்வதால் நிறம் சற்றே மாறுபடும் என்பதால், பல கட்டுகளிலிருந்து கற்களைக் கலந்தெடுத்துப் பதிப்பதும், அமிலக் கலவையால் கழுவாமல் வெறும் நீரும் சில துளி எண்ணெயும் கொண்டு துடைப்பதும் அதன் ஆயுளைக் காக்கும். சுண்ணாம்புப் பூச்சுடைய பழஞ்சுவர்மீது காற்றுப் புகாத பிளாஸ்டிக் வண்ணத்தைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவர் உதிரும். அத்தகைய சுவரைச் சுண்ணாம்பைக் கொண்டே செப்பனிடுவது நலம்.

பழந்தூண் ஒன்றை வாங்குவோர் அதற்கு ஒரு விட்டத்தைத் தாங்கும் வேலையையும், பழைய நிலைக்கதவை வாங்குவோர் அதற்கு ஒரு வாசலையும் கொடுப்பாராயின், அப்பொருளுக்குச் செய்யும் மரியாதை நிறைவுறும். செட்டிநாட்டுக் கொத்தனாரும் தச்சரும் பூக்கல் வார்த்தவரும் தம் பெயரை எங்கும் பொறித்து வைக்கவில்லை. சுவர் குளிர்ந்தும், தரை மெருகேறியும், தூண் பாரம் தாங்கியும் இருக்கும் வரை அவர்களுடைய கைகள் அவ்வீடுகளில் வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன.