ஊதச் சொன்ன சட்டமும் ஐயுற்ற மன்றமும்

திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையை நடத்தும் ஆசிரியர், குடியின் தீங்கினை எளிதாக எடுத்துரைத்துவிடலாம். ஆனால், வண்டியோட்டிய ஒருவர் குடித்திருந்தார் என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எப்படி என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டால், விடை அத்துணை எளிதன்று. அவ்விடையைத் தேடி அறிவியலும் சட்டமும் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்து வந்திருக்கின்றன. அப்பயணத்தின் சில திருப்பங்களை ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கண்ணால் அளந்த காலம்

பிரிட்டனின் 1872ஆம் ஆண்டு மது உரிமச் சட்டம், குதிரை, மாடு, வண்டி, நீராவிப் பொறி ஆகியவற்றைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு பொதுவழியில் போதையில் இருப்பதைக் குற்றமாக்கியது. 1897ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், இலண்டன் நியூ பாண்ட் தெருவில் மின்சார வாடகை வண்டியொன்று கட்டடத்தின்மீது மோதியது. அதனை ஓட்டிய ஜார்ஜ் ஸ்மித், குடிபோதையில் மோட்டார் வாகனம் ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதராக வரலாற்றில் இடம்பெற்றார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வழக்கு எளிதில் முடிந்தது.

ஒப்புக்கொள்ளாதவர்களை என்ன செய்வது? காவல் நிலையத்துக்கு மருத்துவர் அழைக்கப்படுவார். நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். நா பிறழும் சொற்றொடர்களைச் சொல்லச் சொல்வார். கண்ணையும் நாடியையும் பார்ப்பார். நாம் பள்ளியில் பிள்ளைகளுக்கு நாப்பயிற்சியாகத் தரும் சொற்றொடர்கள், அங்கே ஒருவரின் விடுதலையைத் தீர்மானித்தன! திக்குவாய் உடையவரும் கால் ஊனமுற்றவரும் தலையில் அடிபட்டவரும் இச்சோதனையில் தோற்கக்கூடும். குடித்துப் பழகியவரோ தடுமாறாமல் நடந்து காட்டிவிடுவார். தீர்ப்பளிக்க அமர்ந்த சான்றாயத்தினரிலும் குடித்துவிட்டு ஓட்டும் பழக்கமுடையோர் இருந்தனர். நாளை நமக்கும் இந்நிலை வரலாமே என்னும் எண்ணம் அவர்களைக் குற்றவாளியின் பக்கம் சாய்த்தது.

மூச்சு பேசத் தொடங்கியது

குடித்த மதுவின் ஒரு பகுதி குருதியோடு நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கு மெல்லிய சவ்வைக் கடந்து காற்றில் கலக்கிறது. குருதியில் மது எவ்வளவோ, அதற்கேற்ற விகிதத்தில் ஆழ்மூச்சிலும் இருக்கும். 1927ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் எமில் போகன், பந்தின் உட்பையில் மூச்சைப் பிடித்து வைத்து இதனை ஆராய்ந்து வெளியிட்டார். இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரோல்லா ஹார்ஜர், 1930களில் ‘ட்ரங்கோமீட்டர்’ என்னும் கருவியை உருவாக்கினார். பலூனில் ஊதப்பட்ட மூச்சு, அமிலத்தில் கரைத்த பெர்மாங்கனேட்டின் ஊதா நிறத்தை மங்கச் செய்யும். 1954இல் அதே மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன், எடுத்துச் செல்ல எளிய ‘பிரெத்தலைசர்’ கருவியை அமைத்தார். நிறமாற்றத்தை மனிதக் கண்ணுக்கு மாறாக ஒளிமின்கலம் அளந்தது.

இதற்கிடையே, 1936இல் நார்வே குருதியில் 0.05 விழுக்காடு என்னும் எல்லையைச் சட்டமாக்கியது. ஒருவர் தள்ளாடினாரா இல்லையா என்பது அங்கே கேள்வியன்று. எண்ணைத் தாண்டினாரா என்பதே கேள்வி.

பிரிட்டன் இம்முறையை 1967ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் நடைமுறைப்படுத்தியது. 100 மில்லிலிட்டர் குருதியில் 80 மில்லிகிராம் மது என்பதே எல்லை. சட்டத்தைக் கொண்டுவந்த போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசல் அம்மையார் தாமே வண்டியோட்டத் தெரியாதவர். அதனைச் சுட்டிக்காட்டியே அவரைப் பலர் ஏளனம் செய்தனர். ஆயினும் முதலாண்டிலேயே சாலை மரணங்கள் 1,152 குறைந்ததாக அரசு கணக்குக் காட்டியது. அத்தனை குடும்பங்களின் வீட்டு வாசலில் சாவுச் செய்தி வந்து நிற்கவில்லை என்பது அதன் பொருள்.

வாதங்களின் காலம்

அச்சட்டம் படிப்படியாக அமைந்திருந்தது. முதலில் சீருடையணிந்த காவலர் சாலையோரத்தில் பையொன்றை ஊதச் சொல்வார். குழாயிலுள்ள மஞ்சள் படிகங்கள் குறித்த கோட்டைத் தாண்டிப் பச்சையானால் கைது. பின்னர் நிலையத்தில் மறுசோதனை. அதன்பின் குருதி அல்லது சிறுநீர் ஆய்வு. ஆய்வுக்கூட முடிவே சான்று. ஒரு படி சறுக்கினால் அடுத்த படிகள் அனைத்தும் சரிந்தன. வழக்கறிஞர்கள் இதனை விரைவில் கண்டுகொண்டனர்.

ஒரு வழக்கில், ஊதப்பட்ட கருவி உள்துறை அமைச்சரின் ஒப்புதல் பெற்ற வகையைச் சேர்ந்தது என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை. குருதியில் மது மிகுந்திருந்தும் தண்டனை நிலைக்கவில்லை. வேறு சிலர், “விபத்தின் அதிர்ச்சியில் வீட்டுக்குப் போன பிறகுதான் குடித்தேன்” என்றனர். சட்டைப்பையில் மதுப்புட்டி வைத்திருப்போரை நினைவூட்டும் பெயரால் இவ்வாதம் அங்கு வழங்கலாயிற்று. 1971இல் பிரபுக்கள் சபை, வண்டியோட்டிய பின்னர் ஒருவர் குடித்திருந்தால் அந்த ஆய்வு முடிவைக் கொண்டு அவரைத் தண்டிக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. 1980இல், உரிமையின்றி ஒருவரின் வீட்டினுள் புகுந்த காவலர் மூச்சுச் சோதனை கேட்க முடியாது என்றது.

மக்கள் சினந்தனர். குடிகாரர்கள் சட்டத்தின் ஓட்டைகளில் நழுவுகிறார்கள் என்றனர். அச்சினம் நியாயமானதே. விபத்தில் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் போய், கருவிக்கு ஒப்புதல் காட்டப்படவில்லை என்று எவ்வாறு சொல்வது?

ஆனால், அத்தீர்ப்புகள் வழங்கப்பட்ட பிறகு என்ன நிகழ்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. பிறகு குடித்தேன் என்பவர் அதனைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. காயம் நேர்ந்த விபத்துகளில் வீட்டினுள் நுழையும் உரிமையைக் காவல்துறைக்கு வழங்கியது. 1983 முதல் நிலையத்துக் கருவியின் அளவே நேரடிச் சான்றாயிற்று: 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். குருதியில் இருப்பது மூச்சில் இருப்பதைப் போல் 2,300 மடங்கு என்று கொண்டால், 35ஐ 2,300ஆல் பெருக்க 80 மில்லிகிராமை ஒட்டி வரும். அமெரிக்காவிலோ 2,100 மடங்கு என்னும் கணக்கே வழங்கி வருகிறது. விகிதம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், இவ்விரண்டும் சராசரியே.

கருவி தவறக்கூடும் என்பதை அச்சட்டமே ஏற்றுக்கொண்டது. இருமுறை ஊதச் செய்து, குறைந்த அளவையே கணக்கில் கொண்டது. 50க்கு மேற்படாத அளவு வந்தவர், குருதி அல்லது சிறுநீர் ஆய்வைக் கேட்கலாம் என்றது. இவ்வுரிமை 2015 வரை நீடித்தது. எல்லை 35 என்றிருந்தும், 40க்குக் கீழ் வழக்குத் தொடுப்பதில்லை என்னும் நடைமுறையும் வகுக்கப்பட்டது. 1980களின் இறுதியில் பிரபுக்கள் சபை, கருவி பழுதுற்றது என்பதைக் காட்டத் தக்க சான்று எதனையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்வைக்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது.

ஒரு வெப்பமானியின் கதை

இத்துணைக் கவனம் தேவைதானா என்று கேட்போருக்கு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் விடை தரும். அங்கு 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், கருவியின் கணினி நிரல் வரை ஆராயச் செய்த பின்னரே, சில நிபந்தனைகளோடு அதன் அளவுகளை ஏற்றது. கருவியைச் சரிபார்க்கும் திரவத்தின் வெப்பத்தைத் தரச்சான்று பெற்ற வெப்பமானியால் அளக்க வேண்டும் என்பதும் சரிபார்ப்பு முறைகளுள் ஒன்று. காவல் அலுவலர் ஒருவர் அப்படியைத் தவிர்த்தார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. 2018இல் அதே நீதிமன்றம், அவர் சரிபார்த்த கருவிகளின் முடிவுகள் சான்றாகா என்றது. பாதிக்கப்பட்ட முடிவுகள் 20,000க்கும் மேல்! அவர்களுள் குடித்தவர் பலர் இருந்திருப்பர்; எல்லைக்குள் இருந்தவரும் இருந்திருக்கலாம். யார் எவர் என்று இனிக் கூற இயலாது.

நம் நாட்டின் எண்கள்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் முன்பு 35, 80, 107 என்னும் பிரிட்டிஷ் எண்களே மூச்சுக்கும் குருதிக்கும் சிறுநீருக்கும் எல்லைகளாக இருந்தன. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை 22, 50, 67 எனக் குறைத்தது. 2014இல் ஸ்காட்லாந்து ஏற்றுக்கொண்ட எண்களும் இவையே. குடிபோதையில் ஓட்டி உயிரிழப்பை விளைவிப்பவருக்கு முதற்குற்றத்திற்கே 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்க இத்திருத்தம் வழிசெய்தது. தண்டனை இத்துணைக் கடுமையாகும்போது, அதற்கு அடிப்படையாகும் எண்ணும் அத்துணைத் துல்லியமாக இருந்தாக வேண்டும்.

குடித்துவிட்டு வண்டியைத் தொடாதே என்பதைப் பிள்ளைகளுக்கு ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல வேண்டும். அதனோடு, ஓர் எண்ணைக் காட்டி ஒருவரைக் குற்றவாளி என்றால், அவ்வெண் எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேட்பது குற்றவாளிக்குப் பரிந்து பேசுவதாகாது என்பதையும் சொல்லித் தருவோம். அக்கேள்வியை மன்றங்கள் மதித்துக் கேட்டதனால்தான், முன்னர் நேர்கோட்டில் நடக்கச் சொன்ன சட்டம் இன்று மூச்சை அளந்து தீர்ப்புரைக்கும் தகுதியைப் பெற்றிருக்கிறது.